“அவருக்கு என்னங்க தெரியும், நீங்க கையெழுத்துப் போடுங்க”: மனநல சிகிச்சையில் உங்கள் அனுபவங்கள்

தென்காசிக்காரி

அண்ணனுக்கு ரொம்ப வருடமாக ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய். இங்கே இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மாத்திரை நின்றது, அப்புறம் சாப்பாடு நின்றது, கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் இ.சி.டி., அதாவது மின்னதிர்ச்சி சிகிச்சை, வைக்கலாம் என்றார். பழைய சினிமாவில் கட்டிப்போட்டுக் கரண்ட் வைப்பார்களே, அது இல்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த சிகிச்சை மேல் எனக்கு வருத்தம் இல்லை.

படிவத்தை எடுத்தார். அண்ணன் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். பேனாவுக்குக் கையை நீட்டினான். டாக்டர் அந்தக் கையைத் தாண்டி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். “நீங்க போடுங்கம்மா, அவருக்கு என்ன தெரியும்.” அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கையை இழுத்துக்கொண்டு, “எத்தனை தடவை வைப்பீங்க சார்? ஞாபகம் போயிருமா?” என்று கேட்டான். அந்த அறையில் யாரும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஆகலாம், மறதி கொஞ்ச நாள் இருக்கும் என்று.

அண்ணன் தேறிவிட்டான். எனக்குத்தான் அந்த டாக்டரை நினைத்தால் இன்னும் எரிகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நெய்வேலி மகன்

அக்கா, உங்கள் அண்ணன் கேள்வி கேட்கிற நிலையில் இருந்தார். எங்கள் அப்பா, அம்மாவைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டியவர். தண்ணித் தொட்டியில் அம்மா விஷம் கலப்பதாக அவருக்கு நிச்சயம். ஆம்புலன்ஸ் வந்தபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் விபூதியோடு வாசலில் நிற்கிறார். “வாங்க தம்பி, மோர் சாப்பிடுறீங்களா?” நான் தூங்கி நாளாகியிருந்தது, தாடி வேறு. வந்த ஆள் என்னைச் சுட்டிக்காட்டி அப்பாவிடமே கேட்டார்: “சார், இவர்தானே பேஷண்ட்?”

சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு அப்பா சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தால் அம்மா இருந்திருக்க மாட்டார். எல்லோருடைய கையிலும் பேனாவைக் கொடுக்க முடியாது.

வார்டு சிஸ்டர்

ரெண்டு பேர் சொல்வதும் வார்டில் தினமும் பார்ப்பதுதான். எனக்கு மறக்காதது வேறு. நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்து இருக்கிறது, தெரிந்திருக்கும். மாத்திரை வேண்டாம் என்பவருக்கு வீட்டில் காப்பியிலோ ரசத்திலோ கலந்து கொடுக்கிறார்கள். ஒரு பெண், கல்லூரி முடித்தவள், மாமியார் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு கட்டின வீட்டிலும் பிறந்த வீட்டிலும் யார் சமைத்ததையும் தொடவில்லை. எங்களிடம் வந்தபோது எலும்பும் தோலும்.

கேஸ் ஷீட்டில் “உணவில் விஷம் கலப்பதாக மாயநம்பிக்கை” என்று எழுதியிருந்தது. அவள் எனக்குத் தட்டைக் காட்டி, “சிஸ்டர், அவங்க கலந்தது நெசந்தானே?” என்றாள். நெசந்தான். அந்த வரியை அடிக்கச் சொன்னேன், பெரிய டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ரிட்டயர்டு கிளார்க்

என் மச்சினருக்கும் இதே நோய். சேர்த்தோம், வந்துவிட்டார். அது கிடக்கட்டும், இங்கே யாருக்கும் சட்டம் தெரியவில்லை என்று தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முன்பு இருந்தது 1987 சட்டம், அதற்கும் முன்பு வெள்ளைக்காரன் காலத்து 1912 சட்டம். இப்போதைய சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் படியுங்கள். விவரத்தைப் புரிந்துகொள்ளவோ, விளைவை உணரவோ, முடிவைத் தெரிவிக்கவோ முடிந்தால் அவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு. பேச்சு வராவிட்டால் சைகை போதும். அவர் எடுக்கும் முடிவு நமக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது, இதையும் அதே பிரிவு சொல்கிறது.

நெய்வேலித் தம்பி, உங்கள் அப்பாவுக்கு உரியது 89-ஆவது பிரிவு, சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரை மருத்துவமனையில் சேர்ப்பது பற்றியது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். 30 நாள் வரை வைக்கலாம். ஏழு நாளுக்கு ஒருமுறை, சம்மதம் தரும் நிலைக்கு அவர் வந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். வந்துவிட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும், உங்களை அல்ல. அவசர சிகிச்சை என்று 72 மணி நேரத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் இ.சி.டி. வைக்க முடியாது.

எல்லோரும் செய்ய வேண்டியது: நோயாளி தெளிவாக இருக்கும் நாளில் உட்காரவைத்து அட்வான்ஸ் டைரக்டிவ், அதாவது முன்கூட்டியே தன் விருப்பத்தைச் சொல்லும் ஆவணம், எழுதச் சொல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும், எல்லாம் அதில் வரும். மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்யலாம். நியமித்த ஆளைப் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிக்காரி

ஐயா, அண்ணனுக்குத் திறன் இருந்ததா என்று சட்டப்படி யாரும் பார்க்கவே இல்லை. அதைத்தான் சொன்னேன். ஜெராக்ஸ் எடுத்து என்ன செய்ய?

சிறப்புப்பள்ளி டீச்சர்

கொஞ்சம் வேறு விஷயம். மனநோயும் மனவளர்ச்சிக் குறைபாடும் ஒன்றில்லை, ஆனால் “அதுக்கு என்ன தெரியும்” என்ற பேச்சு ரெண்டுக்கும் ஒன்றுதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை, பெரியவளாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் அம்மா, கர்ப்பப்பையை எடுத்துவிட எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வராது. வீட்டு வேலைக்குப் போகிறவர், மகளைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார், அக்கம்பக்கத்து ஆண்களை நினைத்துப் பயம். கர்ப்பப்பையை எடுத்தால் அந்தப் பயம் எப்படிப் போகும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

1994-ல் மகாராஷ்டிராவில் சிரூர் அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்களுக்கு இப்படிக் கர்ப்பப்பையை எடுத்தது நாடு முழுக்கச் சர்ச்சையானது. 2009-ல் சண்டிகர் வழக்கில், விடுதியில் இருந்த மனவளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவளோ தனக்குக் குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம், அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று தடுத்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை துணியை எப்படி மாற்றுவது என்று பொம்மைக்குச் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். அம்மாவிடம் அதைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், ஆனால் டாக்டர் பேரைத் திரும்பவும் கேட்டார்.

ராம்நாடு

ஏர்வாடி பக்கத்துக்காரன் நான். தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 6 ஆகஸ்ட் 2001 நடந்த தீ விபத்து யாருக்கும் மறக்காது, 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இப்போது தர்காவிலேயே மாத்திரையும் துவாவும் (பிரார்த்தனை) சேர்த்துக் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். சங்கிலிக்குச் சட்டத்தில் தடை. நெய்வேலி அண்ணாச்சி, அந்த 28 பேரையும் அங்கே விட்டுப்போனது “வேற வழியில்லை” என்ற சொந்தக்காரர்கள்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

நெய்வேலி மகன்

ராம்நாடு, எங்கள் அப்பாவை நான் சங்கிலியில் கட்டவில்லை. தினமும் போய்ப் பார்த்தேன்.

கிளார்க் ஐயா, ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்கிறீர்கள். நான் பார்த்தது, ரவுண்ட்ஸில் வந்து “சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா” என்று கேட்டுவிட்டுப் போவதை. ஒரு நாள் அப்பாவே கேட்டார், “எனக்குச் சரியாயிடுச்சுன்னு யாருங்க சொல்லணும்?” டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என்னைக் கைகாட்டி, “உங்க மகன் சொல்லணும்” என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாளாகிவிட்டது. அம்மாவோடு சகஜமாகத்தான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் மட்டும், “காப்பி குடிக்கலாமா தம்பி?” “கடைத்தெருவுக்குப் போகலாமா தம்பி?” அவர் குத்திக்காட்டுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவைக் கேட்டால், “போங்கப்பான்னு சொல்லேன்டா, அவ்வளவுதானே” என்கிறார்.