வாலிபர் வகுப்பில் கிருபையைப் பழக்குவது எப்படி?

கேள்வி (வாலிபர் வகுப்பு ஆசிரியை)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து வருகிறேன். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2:8ஐத் தடுமாறாமல் சொல்லாத பிள்ளை இவர்களில் ஒருவரும் இல்லை. ஆனால் அண்மையில் புதிதாக வந்த ஒரு பையன் உட்கார இடம் தேடி நின்றபோது, எங்கள் பிள்ளைகளில் ஒருவன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின்மேல் தன் பையை எடுத்து வைத்து, "இங்கே ஆள் வருகிறது" என்றான். மற்றவர்கள் கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. வகுப்பில் உள்ள ஒரு பெண்பிள்ளை செய்த தவறு வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்ட பிறகும் யாரும் அவளிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்ற வசனத்தைக் காட்டி, அவளோடு சேர வேண்டாம் என்று பெற்றோர் சிலரே சொல்லியிருக்கிறார்கள். கடிந்து பேசினால் ஒரு வாரம் ஒழுங்காக நடந்துகொண்டு, மறுவாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவர்களைக் குற்றவுணர்வில் தள்ளாமல், தாங்களாகவே மற்றவர்களை நாடிச் செல்லும்படி ஊக்குவிக்க வழி என்ன?

பதில் 1 (ஓய்வுபெற்ற போதகர்)

அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தப் பெற்றோர் காட்டும் வசனத்தைப் பார்ப்போம். அது வருகிற 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முழுவதும் மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றியது. அந்த எச்சரிக்கை, உயிர்த்தெழுதல் இல்லையென்று சொன்னவர்களின் பேச்சில் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக வருகிறது. மனந்திரும்பிய ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. அதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கண்டிக்கப்பட்ட ஒருவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து ஆறுதல் செய்ய வேண்டும் என்று பவுல் கேட்டுக்கொள்கிறார் (2:6–8). தண்டனை போதும், இனி அன்பைக் காட்டுங்கள் என்று ஓர் அப்போஸ்தலன் சபைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், உங்கள் வகுப்பில் நடப்பது புதிய நோய் அல்ல.

பிள்ளைகளுக்கு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு கடன்காரர்களின் உவமையைக் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். ராஜா 10,000 தாலந்து கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுத்த கதை அது. ஒரு வெள்ளிப்பணம் கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவர்களே இதைப் பெருக்கிப் பார்க்கட்டும். பிறகு உடன் ஊழியக்காரன் கடன்பட்டிருந்த 100 வெள்ளிப்பணத்தையும் சிறிய தொகையென்று தள்ளிவிடாமல் பேசுங்கள், ஏனென்றால் அது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. நமக்குப் பிறர் இழைத்த தீங்கு ஒன்றுமே இல்லையென்று இயேசு சொல்லவில்லை. அந்தத் தீங்கை எதன் பக்கத்தில் வைத்து அளக்கிறோம் என்றுதான் கேட்கிறார். பெரியவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதால்தான், "மன்னித்துவிடு" என்ற அறிவுரை பிள்ளைகளின் காதில் "உன் வலி பொய்" என்று விழுகிறது.

இன்னொரு வாரத்துக்குப் பர்னபாவை எடுத்துக்கொள்ளலாம். பின்னர் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைச் சீஷராக நம்பாமல் எருசலேமில் எல்லாரும் பயந்திருந்தபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று அவருக்காகப் பேசியவர் பர்னபா (அப்போஸ்தலர் 9). பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போன மாற்குக்காகப் பின்னர் அதே பவுலோடு முரண்பட்டுப் பிரிந்தவரும் அவரே. கடைசிக் காலத்தில் பவுலே, மாற்கு தமக்கு ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). பர்னபா இரண்டு முறையும் செய்தது, எல்லாரும் விலகி நின்ற ஒருவரின் பக்கத்தில் போய் நின்றதுதான். அதைச் செய்யப் பதினைந்து வயது போதும்.

பதில் 2 (பள்ளி ஆலோசகர், இரு பிள்ளைகளின் தாய்)

ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஓர் எல்லையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருபை காட்டுவது என்றால், தன்னைத் தொடர்ந்து கேலி செய்கிறவனிடமும் துன்புறுத்துகிறவனிடமும் வாய்மூடிப் பொறுத்துப்போவது என்று சில பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். மன்னிப்பது வேறு, உடனே நம்பி நெருங்குவது வேறு. ஆபத்தென்று தோன்றினால் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடம் சொல்வது கிருபைக்கு விரோதமல்ல என்பதை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்பிள்ளையின் விஷயத்தில், பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் அவளிடம் தனியாகப் பேசி, அவளுக்கு எது உதவியாயிருக்கும் என்று கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் அவளை அழைத்து "இவளை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது இரண்டாம் தண்டனையாகிவிடும். குழுவில் பரவியவற்றை நீக்கும்படி குழுவை நிர்வகிப்பவரிடம் சொல்லுங்கள். குற்றம் செய்தவனிடம் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்பதுதான் மத்தேயு 18:15 காட்டும் முதல் படி. குழுவில் பகிர்ந்தவர்கள் அந்தப் படியைத் தாண்டிவிட்டார்கள் என்பதை அவர்களுக்கும், அவர்கள் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அதற்காகப் பெற்றோரைக் கூட்டும்போது போதகரும் வந்தால் நல்லது, ஏனென்றால் ஆசிரியையின் சொல்லைப் பெற்றோர் சிலர் எளிதாகத் தட்டிவிடுவார்கள்.

பதில் 3 (கல்லூரி மாணவர்)

அக்கா, வாலிபர் வகுப்பிலிருந்து வெளியே வந்து அதிக காலம் ஆகாதவன் என்பதால் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அதிகம் பேரை அழைத்து வருகிறவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். அழைக்கப்படும் நண்பன், தான் எண்ணிக்கைக்காக அழைக்கப்படுகிறேன் என்பதை உடனே கண்டுகொள்வான். பிறகு அந்த நட்பும் போய்விடும். பள்ளியில் "பக்திமான்" என்று பட்டப்பெயர் வாங்கப் பயப்படுகிற பிள்ளைக்கு, பிரசங்கம் செய் என்பது மலையாகத் தெரியும். மதிய உணவில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனோடு போய் உட்கார் என்றால் செய்துவிடுவான். குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் வேலைக்கிருந்த சிறுபெண் சிறைபிடிக்கப்பட்டு வந்தவள் (2 இராஜாக்கள் 5). தன்னைக் கொண்டுபோனவர்களின் படைத்தலைவன் குணமாக வேண்டும் என்று அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களை இருவர் இருவராக அனுப்புங்கள். அடுத்த வாரம் எல்லார் முன்னும் அறிக்கை கேட்காதீர்கள். கேட்டால் கதை புனைவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இந்த வாரமே அந்தப் பிள்ளையைத் தனியாகச் சந்தித்துவிட்டு, பெற்றோர் கூட்டத்துக்குப் போதகரிடம் நேரம் கேட்கிறேன். தாலந்துக் கணக்கை அடுத்த வகுப்பிலேயே எடுத்துக்கொள்கிறேன். தம்பிக்கு ஒரு கேள்வி: பிற மதத்தைச் சேர்ந்த நண்பர்கள் விசுவாசத்தைப் பற்றித் தாமாகக் கேட்காவிட்டால் நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா?

பதில் 3 (கல்லூரி மாணவர்)

விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் 1 பேதுரு 3:15 சொல்கிறது, அக்கா. அதற்காக எதையும் மறைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டால் ஆராதனைக்கு என்று இயல்பாகச் சொல்லட்டும். நண்பன் தன் பண்டிகையைப் பற்றிப் பேசினால் மரியாதையோடு கேட்கட்டும். அவன் மேலே கேட்கவில்லையென்றாலும் நட்பு தொடரட்டும். கேட்டால், தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததை உங்களிடம் கேட்டு வந்து சொல்லலாம்.