டி.என்.பி.எஸ்.சி. தேர்வு முறை: எழுதியவர்கள் சொல்வது

மதுரையிலிருந்து

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்கு நடத்தும் குரூப் 4-க்குப் படிக்க ஆரம்பிக்கிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது 'எந்தப் புத்தகம் வாங்கணும்?' என்றுதான். பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுசாகப் பார்த்தாயா என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. இதில் சரிபாதி, 100 கேள்வி, தமிழ். மீதியில் 75 பொது அறிவு, 25 கணக்கு. வரலாறு, அரசியலமைப்பு, புவியியல், பொருளாதாரம், அறிவியல், நடப்பு நிகழ்வு எல்லாம் அந்த 75-க்குள் அடங்க வேண்டும்.

அப்படியிருக்க, மாத இதழ்களை மனப்பாடம் செய்துகொண்டு தமிழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தமிழில் 60 மதிப்பெண், அதாவது 40 கேள்வி தேறாவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 25 கேள்வி என்றால் முப்பத்தேழரை மதிப்பெண். பத்தாம் வகுப்புத் தரம்தான். ஒரு வேலையை ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்ற வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். பின்னம் போட்டுத் தலையைச் சுற்றிக்கொள்ள வேண்டாம். 10, 15-க்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 30. மொத்த வேலையை 30 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒருவர் நாளைக்கு 3 பங்கு, மற்றவர் 2 பங்கு. சேர்ந்தால் 5. ஆக 6 நாள். அரை நிமிடம்கூட ஆகாது. நான் தமிழை முதலில் முடித்துவிட்டு நேரே கணக்குக்குப் போவேன். பொது அறிவு கடைசிக்கு. தெரிந்தால் உடனே விடை, தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வராது. கணக்குக்கு அப்படியில்லை, நேரம் கொடுத்தால் விடை கொடுக்கும்.

கோவையிலிருந்து

மதுரை அண்ணா சொன்ன தமிழ்ப் பகுதியைப் பற்றி நானும் பேசுகிறேன். பள்ளி முழுக்க இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான். முன்பெல்லாம் குரூப் 4-இல் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று தேர்ந்தெடுக்கலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தாள் கட்டாயமானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு பயம் குறைந்தது. நிறையக் கேள்விகள் பழக்கத்தால் வருபவை. 'கை, கொக்கு, காக்கை, கீரி' என்று கொடுத்து அகர வரிசைப்படுத்தச் சொல்வார்கள். காக்கை, கீரி, கை, கொக்கு. உயிரெழுத்து வரிசையை விரலில் எண்ணிப் பார்த்தால் போதும். பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், ல-ழ-ள வேறுபாடு எல்லாம் தினமும் கொஞ்சம் பார்த்தால் கைவந்துவிடும். எனக்குக் கடினமாக இருந்தது இலக்கணக் குறிப்புதான். வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் பிரித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியை அம்மா சொல்லிக்கொடுத்தார். இப்போது என் மொத்த மதிப்பெண்ணைத் தூக்கிவிடுவதே தமிழ்தான்.

திருநெல்வேலியிலிருந்து

நான் பள்ளி ஆசிரியர், தேர்வு அறைக் கண்காணிப்பாளராகப் பணி செய்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஓ.எம்.ஆர். தாளை, அதாவது வட்டங்களைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் நடந்த முறைகேடு வெளியே வந்த பிறகு, 2020-இல் விதிகள் இறுகின. ஏ, பி, சி, டி-யோடு 'இ' என்று ஐந்தாவது வட்டம் வந்தது. விடை தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்க வேண்டும். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட்டுவிட்டு வரக்கூடாது, விட்டால் மதிப்பெண் கழிப்பார்கள். வெறுமையான வட்டத்தைப் பிறகு யாரும் நிரப்பிவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதி, அந்த எண்ணிக்கையையும் ஷேட் செய்ய வேண்டும். நான் பணியாற்றிய அறைகளில் இதற்கென்று தேர்வு முடிந்தபின் கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஐந்தையும் கூட்டினால் 200 வர வேண்டும். 199 வந்ததும் நன்றாக எழுதிய பிள்ளைகள்கூட முகம் வெளிறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே ஓ.எம்.ஆர். நகல் எடுத்து, கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் ஷேட் செய்து, எண்ணியும் பழகுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக் கேள்வித்தாளில் குறித்துக்கொண்டால் கடைசியில் பதற வேண்டாம். இன்னொன்று, தப்பான விடைக்குக் கழிவு இல்லாத தேர்வில் 'இ' கடைசி வழிதான். நாலில் இரண்டைத் தள்ள முடிகிறது என்றால் மீதி இரண்டில் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து

துணை ஆட்சியர் போன்ற பதவிகளுக்கான குரூப் 1 கனவு இருப்பவர்களுக்கு என் பங்கு. பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) 200 கேள்விதான், 175 பொது அறிவு, 25 கணக்கு. அந்த மதிப்பெண் மெயின்ஸுக்குள் (முதன்மைத் தேர்வு) விடுவதோடு சரி, தரவரிசையில் சேராது. மெயின்ஸில் 250 வீதம் மூன்று பொது அறிவுத் தாள், நேர்முகத் தேர்வு 100, ஆக 850. தமிழ்த் தகுதித் தாள் தனி. நூற்றுக்கு நாற்பது எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்த மாட்டார்கள். மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம், திருக்குறள் கட்டுரை எல்லாம் அதில் உண்டு.

ஷேட் செய்தே பழகிய கைக்கு மூன்று மணி நேரம் விடாமல் எழுதுவது பெரிய சோதனை. இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போகும், எழுத்து சாயும். தெரிந்த விடையே அரைப் பக்கத்தோடு நின்றுவிடும். அதனால் பிரிலிம்ஸ் முடிவுக்காகக் காத்திருக்காமல் அடுத்த வாரமே தினம் இரண்டு விடையாவது கடிகாரம் வைத்து எழுதுங்கள். அப்புறம், கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மெயின்ஸ் முதல் பொது அறிவுத் தாளிலும் கணக்கு இருக்கிறது, அங்கே வழிமுறையையும் எழுதிக் காட்ட வேண்டும்.

மீண்டும் மதுரையிலிருந்து

கை வலி என்றதும் குரூப் 2 நினைவு வருகிறது. 2024 முதல் குரூப் 2-க்கும் 2ஏ-வுக்கும் மெயின்ஸைத் தனித்தனியாக்கிவிட்டார்கள். பிரிலிம்ஸ் பொது. பிறகு 2-க்கு விரிவாக எழுத வேண்டும், 2ஏ-வுக்குக் கொள்குறி வகை, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எழுத்து ஓடாதவர்கள் 2ஏ-வைக் குறிவைத்துப் படித்தால் எதுவும் குறைந்துவிடாது. அதுவும் அரசு வேலைதான்.