ட்ரிப் 35: மூடி போட்டால் செலினியம் சாகாதா?

இருட்டறை:
ஒலிம்பஸ் ட்ரிப் 35 பிலிம் கேமராவுக்கு எப்போதும் லென்ஸ் மூடி போட்டே வையுங்கள், வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் அதன் செலினியம் செல் (வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து வெளிச்சத்தை அளப்பது) செத்துப்போகிறது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். நான் பிரித்த ட்ரிப்களில் செல் செத்தவை எல்லாம் பீரோவில் தோல் உறைக்குள் மூடியோடு கிடந்தவை. செல்லில் ஒயர் சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. கொன்றது ஈரம்.

கோவைக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அப்பா 1981இல் வாங்கிய ட்ரிப், மூடியோடுதான் இருந்தது. இன்றைக்கும் செல்லைக் கையால் மறைத்து பட்டனை அழுத்தினால் வெளிச்சம் போதாது என்று வ்யூபைண்டரில் சிவப்புக் கொடி எழும்புகிறது, ஷட்டர் விழுவதில்லை. வெயிலில் காட்டினால் டக்கென்று விழுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருட்டறை:
ஒரு கேமராவை வைத்து ஊருக்கே சட்டம் போடுவீர்களா? வெயிலில் கொடி எழும்பவில்லை என்றால் செல்லில் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். சரியாக அளக்கிறதா என்பது ஒரு ரோல் போட்டுக் கழுவினால்தான் தெரியும். மூடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரீல் பைத்தியம்:
மூடியை விடுங்கள் சார். பாதி ட்ரிப்களில் செல் நன்றாகத்தான் இருக்கிறது, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் பிளேடில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொள்கிறது. லைட்டர் பெட்ரோலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், சரியாகிவிட்டது.

இருட்டறை:
முன்னாலிருந்து துடைத்தால் எண்ணெய் உள்ளே பரவும். லென்ஸைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

ரீல் பைத்தியம்:
உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் போன வருடம் என் யாஷிகா எலக்ட்ரோ 35ஐத் திறந்து ஒயரை அறுத்தேன். மறக்கவில்லை.

இருட்டறை:
மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் படிக்கவில்லை.

நெகட்டிவ்:
இதற்கெல்லாம் ஒலிம்பஸின் எக்ஸ்ஏ கேமராவை வாங்கிவிடலாம். ஒலிம்பஸ் வடிவமைப்பாளர் மைதானி வடிவமைத்து 1979இல் வந்தது. தூரத்தை அளந்து போகஸ் செய்ய ரேஞ்ச்பைண்டர் உண்டு, சட்டைப் பையில் அடங்கும்.

கோவைக்காரன்:
பேட்டரி தீர்ந்தால் உங்கள் எக்ஸ்ஏவில் ஷட்டரே விழாது. 1967இல் வந்த ட்ரிப்புக்குப் பேட்டரியே வேண்டாம்.

நெகட்டிவ்:
ட்ரிப்பில் இருப்பதே 1/40, 1/200 நொடி என்று இரண்டு ஷட்டர் வேகம். தூரத்தையும் லென்ஸ் வளையத்தில் உள்ள பொம்மைக் குறிகளைப் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்க வேண்டும். அதற்கு இவ்வளவு பெருமையா?

கோவைக்காரன்:
என் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் அந்த இரண்டு வேகத்தில் எடுத்தவை. ஒன்றுகூட ஆடவில்லை. இன்னொன்று, மூடி போட்டதால்தான் அந்த செல் பிழைத்தது.

இருட்டறை:
மறுபடியும் மூடியா? ஈரம் ஐயா, ஈரம். அந்த கேமரா எந்த அலமாரியில் இருந்தது, அதை முதலில் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:
எங்கள் வீட்டு அலமாரியில். மூடியோடு.