காரில் ‘எர்த்து’க்குத் தமிழ் என்ன? மீட்டர் லைட் கையேட்டுக்கு ஒரு சொல்

மார்த்தாண்டத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் மீட்டர் லைட் எரியாவிட்டால் எங்கே தேடுவது என்று சொல்லும் கையேடு முக்கால் பங்கு முடிந்துவிட்டது. ஒரு சொல்தான் இடிக்கிறது: எர்த்து. பாடநூல் வழியில் ‘புவி இணைப்பு’ என்று எழுதியிருக்கிறோம். ஆனால் கார் நிற்பது ரப்பர் டயரில், புவிக்கும் அதற்கும் என்ன இணைப்பு? வீட்டு எர்த்து மண்ணுக்குள் போகும் கம்பி. கசிவு வந்தால்தான் அதற்கு வேலை. காரிலோ ஒவ்வொரு பல்பின் மின்னோட்டமும் முழுசாகப் பேட்டரிக்குத் திரும்புவதே அந்த வழியில்தான். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் குழம்புவார். மாற்றுச் சொல் தாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

‘எதிர்முனை’ போதுமே. பட்டறையிலும் நெகட்டிவ் என்றால் எல்லோருக்கும் தெரியும். போகிற போக்கில் இன்னொன்று: உங்கள் வரைவில் டேஷ்போர்டு விளக்கை ‘முகப்பு விளக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஹெட்லைட். ‘மானி விளக்கு’ என்று மாற்றிவிடுங்கள். எண்ணெய் அழுத்தம், சார்ஜ் ஆகியவற்றுக்கு எரியும் சிவப்பு விளக்குகள் ‘அறிவிப்பு விளக்கு’. இரண்டையும் ‘டேஷ்போர்டு லைட்’ என்ற ஒரே பையில் போட்டதால்தான் பாதிப்பேர் தவறான பல்பைக் கழற்றுகிறார்கள்.

களியக்காவிளையிலிருந்து:

அண்ணாச்சி, மானி விளக்கு சரி. எதிர்முனை சரிப்படாது. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையும் அப்படித்தான். அதை வைத்திருப்பவர் ‘எதிர்முனையைப் பாடியில் கொடு’ என்ற வரியைப் படித்துச் செய்தால் ஒயரிங் புகைந்துவிடும். எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டி ‘எரியவில்லை’ என்று சொல்வதற்கும் பல நேரம் இதுவே காரணம். சாதா இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு.

முனையைச் சொல்லாமல் வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும். என் பரிந்துரை: சுவிட்சிலிருந்து பல்புக்கு வரும் வழி ‘வருதடம்’, பல்பிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி ‘மீள்தடம்’. இரண்டும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. பஸ்ஸில் ‘தடம் எண்’ படித்தவருக்குத் தடம் புதிதல்ல.

நாகர்கோவிலிலிருந்து:

‘திரும்புதடம்’ இன்னும் எளிது இல்லையா? ‘மீள்’ என்றால் மீள்பதிவு, மீள்பார்வை என்று ‘மறுபடியும்’ என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

களியக்காவிளையிலிருந்து:

திரும்பும்போது போடும் இண்டிகேட்டர் அதே கையேட்டில் நாலு இடத்தில் வருகிறது, அண்ணாச்சி. திரும்புதடம் என்றால் அதன் ஒயர் என்று நினைப்பார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

சொல்லைச் சோதனைப் பகுதியில் போட்டுப் பார்த்தேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘சைடு லைட் சுவிட்சைப் போடவும். பின்விளக்கும் எரியாவிட்டால் பியூஸ் அல்லது சுவிட்ச். பின்விளக்கு எரிந்து மானி விளக்குகள் மட்டும் அத்தனையும் இருண்டிருந்தால் முதலில் வருதடம்: வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் இருந்தால் அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்க்கவும். எரிந்தால் ரியோஸ்டாட்டின் கம்பிச்சுற்றில் களிம்பு. ஒயர் நிறம் மாற்றப்படாத பிரிட்டிஷ் ஒயரிங்கில் மானி விளக்கின் வருதடம் சிவப்பில் வெள்ளைக் கோடு, மீள்தடம் கறுப்பு.

‘விளக்குகள் மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிந்தால் மீள்தடம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, விளக்கு எரியும்போதே, ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் வெளிக்கூட்டிலும் மறுமுனையைப் பாடியோடு பூட்டிய பேட்டரி முனையிலும் வைக்கவும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் மீள்தடத்தில் துருவோ பெயின்ட்டோ உண்டு.’

நாகர்கோவிலிலிருந்து:

‘விளக்கு எரியும்போதே’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அணைத்துவிட்டு அளந்தால் மின்னோட்டமே இல்லை, எவ்வளவு துரு இருந்தாலும் சுழியம்தான் காட்டும். ஓம் அளவிலும் ஏமாறலாம், மீட்டர் அனுப்புவது மிகச் சிறு மின்னோட்டம். கணக்கையும் சேர்த்தால் நம்புவார்கள்: 2.2 வாட் பல்பு நாலு எரிந்தால் சுமார் 0.73 ஆம்பியர். வழியில் 2 ஓம் தடை இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் அங்கேயே தின்றுபோகும். இழை பல்பில் வோல்ட் சிறிது குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். 12க்குப் பதில் 10.5 கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போயிற்று.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரி முனையைக் கழற்றச் சொல்லியிருக்கிறீர்களா? பழைய கார்களில் அம்மீட்டர் ஒயருக்குப் பியூஸ் கிடையாது. ஸ்பேனர் பட்டால் தீப்பொறி.

பாறசாலையிலிருந்து:

இரண்டு சங்கதி. முதலாவது, நம் பக்கத்தில் வெளிச்சத்துக்கு ‘வெட்டம்’ என்றுதானே சொல்வோம், ‘மானி வெட்டம்’ என்று போடக்கூடாதா என்று ஆசை. திருச்சிக்காரர் அதைப் பார்த்து எதையோ வெட்டச் சொல்கிறார்கள் என்று நினைப்பார், விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது முக்கியம். மீள்தடம் அறுந்தால் விளக்கு அணைவதோடு நிற்காது. மின்னோட்டம் வேறு வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் மானி விளக்கும் சேர்ந்து மினுங்கும். சைடு லைட் போட்டால் பெட்ரோல் முள் நகரும். ஒரு பல்பின் மின்னோட்டம் இன்னொரு பல்பின் இழைக்குள் புகுந்து பாடிக்குப் போகிறது. ஒரே அளவு பல்பு இரண்டு தொடராக நின்றால் ஆளுக்கு 6 வோல்ட், வெளிச்சம் பத்தில் ஒரு பங்குதான். இந்தத் திருட்டு வழிக்கும் பெயர் வேண்டும். ‘கள்ளத்தடம்’ என்கிறேன். கள்ளச்சாவி மாதிரி.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்த காரில் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சுட்டுப் புகையும். அதற்குக் கள்ளத்தடத்தைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து:

கையேட்டில் ‘கள்ள’ வேண்டுமா? ‘பிறழ்தடம்’ நாகரிகமாக இருக்கும்.

பாறசாலையிலிருந்து:

பிறழ்தடம் என்றால் பாதை தவறிய ஒயர் என்று ஒயரைத் தேடுவார்கள், அண்ணாச்சி. இங்கே ஒயர் எதுவும் தவறவில்லை, மின்னோட்டம்தான் அடுத்தவன் வீட்டு வழியாக ஓடுகிறது.

களியக்காவிளையிலிருந்து:

கள்ளத்தடத்துக்கு என் வாக்கு. ஆனால் மீள்தடத்தை வரையறுக்கும்போது ‘காரின் பாடி’ என்று எழுதிவிடாதீர்கள், அறிவிப்பு விளக்குகளில் மாட்டிக்கொள்வோம். எண்ணெய் அழுத்த விளக்கின் சுவிட்ச் மீள்தடத்திலேயே, இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது தடத்தைத் துண்டிக்கிறது, விளக்கு அணைகிறது. சார்ஜ் விளக்கு இன்னும் வேடிக்கை: அதன் மீள்தடம் டைனமோவின் உட்சுற்று வழியாகப் போகிறது. டைனமோ ஓடி வோல்ட் எழுந்ததும் பல்பின் இருபுறமும் சமமாகி அணைகிறது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் பொருத்திய காரில் இந்தப் பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டால் பல வகைகளில் சார்ஜ் ஏறத் தொடங்காது. 2.2 வாட் பல்பு 0.18 ஆம்பியர் விடும், சாதா எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே விடும், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் காந்தமாகி விழிக்க அது பற்றாது. ஆகவே வரையறை: ‘மின்னோட்டம் விளக்கைக் கடந்தபின் பேட்டரிக்குத் திரும்பும் வழி, பெரும்பாலும் பாடி.’

மானிகளுக்கு வோல்ட் சீராக்கி வைத்த கார்களையும் மறக்கவேண்டாம். சராசரி 10 வோல்ட் தரும் அந்தச் சிறு தகரப் பெட்டியின் உள்ளே சூடேறி வளையும் இருஉலோகத் தகடு இருக்கிறது. பெட்டியின் மீள்தடம் போனால் தகடு சூடேறாது, முழு வோல்ட்டும் மானிக்குப் போகும். பெட்ரோல், வெப்பம் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே காட்டும். இன்ஜின் கொதிக்கிறது என்று ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் அந்தப் பெட்டியின் திருகைப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

வருதடம், மீள்தடம், கள்ளத்தடம் மூன்றும் ஏறிவிட்டன. முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘மீள்தடம், அதாவது பட்டறையில் சொல்லும் பாடி எர்த்து’ என்று இருக்கும். சரிசெய்யும் பகுதி இது:

‘1 சதுர மி.மீ. கறுப்பு ஒயரின் ஒரு முனையைப் பாடியோடு பூட்டிய பேட்டரி முனையில் பிடித்து, மறுமுனையால் ஹோல்டர் கூட்டைத் தொடவும். பளிச்சென்று எரிந்தால் மீள்தடம்தான் கோளாறு. மீட்டர் பேனலைப் பிடிக்கும் திருகைக் கழற்றி, நாணய அளவுக்குப் பெயின்ட்டை 400 எண் எமெரித் தாளால் உலோகம் தெரியச் சுரண்டவும். வளைய டெர்மினலுக்கு அடியில் பல் வாஷர். இறுக்கிய பின்பே மேலே வாஸ்லின்.’

குளச்சல் பக்கம் உப்புக்காற்று, மேலே இரண்டு பருவ மழை. ஆகையால் ‘கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறதா என்று முதலில் பார்க்கவும், மீட்டருக்கு மேல் சொட்டும் தண்ணீர் நிற்காவிட்டால் ஆறு மாதத்தில் துரு திரும்ப வரும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் துருவே இல்லாமலும் மீள்தடம் அடைபடும் என்பதையும். பெயின்ட்டும் மின்காப்புதான்.

நாகர்கோவிலிலிருந்து:

ஒயரிங் படத்தில் ‘மீ’ என்று சுருக்கிப் போடாதீர்கள். மீட்டரும் மீதான். ‘மீத’ என்று இரண்டெழுத்தாகப் போடுங்கள்.