‘குட்நைட் மிஸ்டர் டாம்’ உங்கள் கைக்கு எப்படி வந்தது?

மிஷெல் மகோரியன் எழுதி 1981இல் வந்த நாவல். எனக்குப் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. சிறுவர் கதைதானே, ராத்திரி பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று எடுத்து வந்தேன். மகள் அப்போது ஆறாவது, மகன் யு.கே.ஜி.

1939 செப்டம்பர், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரம். குண்டு விழும் என்று லண்டன் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு ரயிலேற்றுகிறார்கள். அப்படி வந்த வில்லி என்ற பையனை, தேவாலயத்தை ஒட்டித் தனியாக வாழும் டாம் ஓக்லி என்ற சிடுசிடுப்புக் கிழவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பையனுக்குக் கட்டில் எதற்கென்றே தெரியவில்லை. அதன் அடியில் நுழையப் பார்க்கிறான். அவன் பையில் துணிமணியோடு ஒரு பெல்ட்டும் இருக்கிறது. அடித்துத் திருத்தச் சொல்லி அம்மாவே கொடுத்தனுப்பியது.

ராத்திரி படுக்கை நனைந்துவிடுகிறது. டாம் விரிப்பை உருவித் துவைத்துப் போடுகிறார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்த என் மகன் எழுந்து உட்கார்ந்து, “தாத்தா திட்டவே இல்லையாம்மா?” என்றான். எங்கள் வீட்டுக் கொடியிலும் அப்போது தினம் ஒரு விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. காலையில் நான் என்னவெல்லாம் கத்துவேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பிற்பாதி வேறு ரகம். அம்மா கூப்பிட்டாளென்று வில்லி லண்டன் போகிறான், தகவலே இல்லை, டாம் தேடிப் போகிறார். அங்கே அவர் பார்ப்பதை என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. நைசாகச் சில பக்கங்களைத் தாண்டினேன். மகள் பிடித்துவிட்டாள்: “இப்பத்தானே தேடப் போனார், அதுக்குள்ள எப்படி ஆஸ்பத்திரி?”

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லண்டனிலிருந்து ஒருவர்:

இங்கே பள்ளிகளில் நிறையப் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகம் இது. என் மகன் அதை எடுத்து வந்த சமயத்தில் நான் முதியோர் இல்லமொன்றில் வேலை. அங்கிருந்த ஒரு பாட்டி ஏழு வயதில் அப்படி அனுப்பப்பட்டவர். கோட்டில் பெயர் அட்டை, தோளில் அட்டைப் பெட்டிக்குள் விஷவாயு முகமூடி. ஊர் மண்டபத்தில் நிற்க வைத்து, வந்தவர்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்களாம். வயல்வேலைக்கு ஆகும் பையன்கள் முதலில் போனார்கள். அவரும் அண்ணனும் கடைசிவரை நின்றார்கள், பிறகு ஆளுக்கொரு வீடு. ஒரு பிள்ளையை மட்டும் எடுத்த வீட்டுக்கு வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் அரசாங்கம் கொடுத்தது. “என்னை எடுத்தவள் அந்தக் காசை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுவாள்” என்பார். புத்தகத்தைக் காட்டினேன். வாங்கிப் புரட்டிவிட்டு, டாம் மாதிரி ஆள் தனக்கு வாய்க்கவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.

சென்னையிலிருந்து ஒருவர்:

வாசிக்கும்போது எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம்தான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் மெட்ராஸே காலியானதே, அப்போது அவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர் வீடு, அட்டையெல்லாம் இல்லை. ஆனாலும் கிணற்றில் நீர் இறைக்கத் தெரியாத பட்டணத்துப் பொண்ணு என்று அத்தனை பேரும் சிரித்ததை எண்பது வயதிலும் சொல்லிக்காட்டுவார். வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டுவிட்டாராம்.

முதலில் எழுதியவர்:

ஒரு சேதி சொல்ல விட்டுப்போச்சு. தம்பிக்கு இப்போது அந்தப் புத்தகத்தை அக்காதான் வாசித்துக் காட்டுகிறாள். நேற்று லண்டன் கட்டம் வந்தது. நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.