சொல் ஊகம்: 'விரைவு' என்ற அடைமொழி பற்றி

அன்புடையீர், வணக்கம்.

தட்டச்சிடும்போதே வரக்கூடிய சொற்களைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதிக்கு 'விரைவுத் தட்டச்சுத் துணை' எனப் பெயரிடலாம் என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. உடல் இயக்கக் குறைபாடு உடையோருக்கான கையேட்டில் இடம்பெறவிருக்கும் சொல் என்பதால், 'விரைவு' என்ற அடைமொழியை நான் ஏற்கத் தயங்குகிறேன். நல்ல பட்டியல் தட்டல்களைக் குறைக்கும். நேரத்தையும் குறைக்குமா என்பது ஆளையும் கருவியையும் பொறுத்தது.

ஹைடி கோஸ்டரும் சைமன் லெவைனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், வாயில் கவ்விய குச்சியால் தட்டிய உடற்குறையற்ற எட்டுப் பேரும், தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுற்றுத் தமது வழக்கமான முறையிலேயே தட்டிய ஆறு பேரும் பங்கேற்றனர். சொற்பட்டியலைப் பயன்படுத்தியபோது முதல் அணியினருக்கு வேகம் சிறிதளவே கூடியது. தண்டுவடக் காயமுற்றோருக்கோ கணிசமாகக் குறைந்துவிட்டது. பட்டியலைத் தேடிப் படித்து, நினைத்த சொல் அதில் உண்டா என முடிவு செய்வதற்கு ஆகும் நேரம், மிச்சமான தட்டல்களின் பயனை விழுங்கிவிட்டது. குச்சியால் தட்டுபவர் விசைப்பலகையிலிருந்து தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துவிட்டு மீண்டும் குனிய வேண்டும் என்பதை எண்ணினால் இது வியப்பில்லை.

நேர்மாறான நிலையும் உண்டு. ஒற்றைப் பொத்தானை அழுத்தி, திரையில் வரிசை வரிசையாக நகரும் ஒளிக்கட்டத்தை நிறுத்தி எழுதுபவருக்கு ஓர் எழுத்துக்கே பல நொடிகள் ஆகின்றன. அவர் பார்வையும் ஏற்கெனவே திரையில்தான் இருக்கிறது. கன்னத் தசையின் அசைவை மட்டுமே நம்பியிருந்த ஸ்டீபன் ஹாக்கிங், பிற்காலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சொல் என்ற நிலைக்கு வந்திருந்தார். இன்டெல் அவருக்கு உருவாக்கித் தந்து 2014இல் அறிமுகமான அமைப்பில், அவருடைய எழுத்துகளிலிருந்தே கற்றுக்கொண்ட, ஸ்விஃப்ட்கீ என்ற விசைப்பலகை மென்பொருளின் ஊக வசதி இணைக்கப்பட்டது. அவரைப் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே நேரத்தை மீட்டுத் தரும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் விவாதத்தில் இது போதிய அளவு பேசப்படவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் 'மருத்துவமனைக்கு' என்று எழுதப் பதின்மூன்று தட்டல்கள் வேண்டும். 'மரு' வரை மூன்று தட்டல்கள், பட்டியலில் 'மருத்துவமனை'யைத் தெரிவு செய்ய ஒன்று. பிறகு கருவி தானாகச் சேர்த்த இடைவெளியை அழிக்க ஒன்று, 'க்கு' சேர்க்க மூன்று என எட்டாகிறது. 'புத்தகத்தில்' என்று எழுத விரும்புபவருக்கோ 'புத்தகம்' வந்து நிற்கும். புள்ளியையும் மகரத்தையும் அழித்துவிட்டுத்தான் அவர் தொடர முடியும். விரல் நடுக்கம் உள்ளவருக்கு அழிப்பு விசையை அளவாகத் தட்டுவதே பெரும்பாடு. ஆகவே தமிழுக்கான கருவி வேற்றுமை உருபு ஏற்கும் வடிவத்தையும் பட்டியலில் தர வேண்டும். அதைக் குறிக்க நமக்குத் தனிச்சொல்லும் தேவை.

என் பரிந்துரை இது. பொதுப்பெயராகச் 'சொல் ஊகம்' இருக்கட்டும். 'கணிப்பு' என்பதில் துல்லியத்தின் சாயல் மிகுதி. ஊகத்தைக் கொள்ளவும் தள்ளவும் எழுதுபவருக்கு உரிமை உண்டு என்பது அச்சொல்லிலேயே விளங்குகிறது. தொடங்கிய சொல்லை முடித்துத் தருவதைச் 'சொல் நிறைவு' என்றும், எழுத்து ஒன்றும் தட்டாமலே வருவதை 'அடுத்தசொல் ஊகம்' என்றும், மேலே சொன்ன தமிழ்த் தேவையை 'உருபு ஊகம்' என்றும் பிரிக்கலாம். குறையும் தட்டல்களின் விழுக்காட்டைத் 'தட்டல் மிச்சம்' எனலாம். 'தட்டல் சேமிப்பு' என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பேச்சில் 'மிச்சம்' என்றுதானே சொல்கிறோம்.

கையேட்டின் விளக்கக் குறிப்பாகப் பின்வரும் வரியை முன்வைக்கிறேன்: "சொல் ஊகம்: எழுதுபவர் தட்டியவற்றைக் கொண்டு, அவர் எழுதக்கூடிய சொற்களைத் தெரிவுக்கு வைக்கும் வசதி, தட்டல்களையும் அதனால் வரும் களைப்பையும் குறைக்க உதவும், வேகம் கூடுமா என்பதை அவரவர் கருவியோடு பழகிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்." 'உருபு ஊகம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எவருக்கேனும் தோன்றினால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.