வாங்கும் பொருளில் சேரும் பங்கைக் காணிக்கையாகக் கருதலாமா? ஆலோசனை தேவை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

நாம் அன்றாடம் வாங்கும் பொருள்களின் விலையில் ஒரு சிறு விகிதத்தை விற்பனையாளரே அறப்பணிக்கு அளிக்கும் திட்டம் ஒன்றில் எங்கள் ஜெபக்குழுவைச் சேர்க்கலாமா என்று ஆலோசித்து வருகிறோம். எனக்குத்தான் தயக்கம். 2013இல் தொடங்கி 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட அமேசான் ஸ்மைல் திட்டத்தில், தகுதியுள்ள பொருளின் விலையில் 0.5 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஐந்துதான் அறநிறுவனத்துக்குச் சென்றது. வாங்கியவர் கையிலிருந்து கூடுதலாக எதுவும் போகவில்லை.

அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தர முன்வந்தபோதும், இலவசமாய்ப் பெற்றதைக் கர்த்தருக்குப் பலியிடமாட்டேன் என்று மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய தாவீதை (2 சாமுவேல் 24) நினைத்தால், இதைக் காணிக்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போதாக்குறைக்கு, பணம் செலுத்தும் திரையில் ‘உங்களால் இதுவரை சேர்ந்தது’ என்ற வரியைக் கண்டு, தேவையில்லாத ஒரு பொருளையும் நான் வாங்கியிருக்கிறேன்.

இத்தகைய திட்டத்தில் சேர்ந்த பிறகு உங்கள் குழுவில் வழக்கமான காணிக்கை குறைந்ததா என்பதையும், இவ்வாறு வரும் தொகையைத் தனிக் கணக்கில் வைத்தீர்களா என்பதையும், திட்டம் திடீரென நின்றபோது அதை நம்பியிருந்த பணியை எப்படித் தொடர்ந்தீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.